கண்ணை மூடிக்கிட்டு நம்ம பால்குட பாரத்தை ஒருதடவை நிரப்பிப் பாருங்க

பதிவு கொஞ்சம் நீளம். பூசைக்கு முன்னாடி நேரம் கிடைக்கும்போது உட்கார்ந்து படிங்க. நிர்வாகத்தைக் குறை சொல்ல இதை எழுதலை. நானும் அவங்களோட சேர்ந்து ஓடுற தொண்டன்தான். சொல்லப்போனா இந்த விஷயத்துல முதல் குத்தவாளியே நான்தான்.

இந்த வருஷம் பங்குனி உத்திரத்துக்குப் பால்குடப் பதிவை முழுக்க இணையத்துக்கு மாத்தினோம், ஞாபகம் இருக்கும். அதுக்கு முந்தி வரைக்கும் ஆலயத்து வாசல்ல மேசை போட்டு, நீள நோட்டுப் புத்தகத்துல பேரு எழுதுவோம். மழைச்சாரல்ல நோட்டு நனையும். ஒருத்தர் கையெழுத்து இன்னொருத்தருக்குப் புரியாது. ஒரு வருஷம் 'கேட்டை' நட்சத்திரத்தை 'சேட்டை'ன்னு படிச்சுட்டு குருக்கள் முழிச்ச முழி இன்னும் என் கண்ணுல நிக்குது. அதனால, "நோட்டெல்லாம் வேணாம், எல்லாம் போன்லயே முடிச்சிடலாம்"னு கூட்டத்துல கை தூக்கிப் பேசினது நான். வெளி ஆளை வெச்சு பாரம் தயார் பண்ணினோம். பார்க்க ரொம்ப அழகு. மேல முருகன் படம், கீழ மயில் நிறத்துல பட்டன். மூணே நாள்ல இடம் நிறைஞ்சு போச்சு. எல்லாரும் என் கையைக் குலுக்கினாங்க. நானும் நெஞ்சை நிமித்திக்கிட்டுத்தான் திரிஞ்சேன்.

உத்திரம் முடிஞ்சு ரெண்டு வாரம் இருக்கும். வெள்ளிக்கிழமை பூசைக்கு ஒரு அக்கா வந்திருந்தாங்க. தோட்டத்துப் பக்கத்துலேர்ந்து வர்றவங்க. சின்ன வயசுலேர்ந்தே எனக்குப் பழக்கம். சக்கரை வியாதியில ரெண்டு கண்ணும் போயி பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா ஒரு வருஷம் தவறாம பால்குடம் எடுப்பாங்க. முன்னாடி போற மக தோளைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு சொட்டுகூட சிந்தாம நடந்து வருவாங்க. இந்த வருஷம் அவங்களைக் காணோம்னு அப்பதான் எனக்கு உறைச்சது.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டேன்.

"உடம்புக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. உங்க பாரம்தான் என்னை உள்ள விடலை தம்பி."

எனக்குச் சுருக்குன்னுச்சு. இருந்தாலும் விட்டுக்கொடுக்காம, "ஒரு போன் போட்டிருந்தா நானே நிரப்பியிருப்பேனே அக்கா"ன்னு சொன்னேன். அதுக்கு அவங்க சொன்ன பதில்தான் என்னை இந்தப் பதிவை எழுத வெச்சது. "வேண்டுதல் என்னன்னு ஒரு கட்டம் வெச்சிருக்கீங்களாமே? அதையும் நான் உன்கிட்ட வாய்விட்டுச் சொல்லி, நீ எழுதணுமா? அது எனக்கும் முருகனுக்கும் உள்ளதுப்பா."

நான் வாயடைச்சுப் போயிட்டேன்.

அன்னிக்குப் பூசை முடிஞ்சதும் மண்டபத்துல பக்கத்துல உட்கார வெச்சு, "அந்தப் பாரத்தை என் முன்னாடி ஒருதடவை நிரப்பிக் காட்டுங்கக்கா"ன்னேன். பதிவு முடிஞ்சிருந்தாலும் பாரம் அப்படியேதான் திறந்து கிடந்துச்சு. அவங்க போனை எடுத்தாங்க. நம்மள்ல நிறைய பேருக்குத் தெரியாது, நம்ம ஒவ்வொருத்தர் போனுக்குள்ளயும் ஒரு குரல் தூங்கிக்கிட்டு இருக்கு. ஆண்ட்ராய்டுல அதுக்கு டாக்பேக்னு பேரு. ஐபோன்ல வாய்ஸ்ஓவர், 2009லேயே வந்துடுச்சு. கணினிக்கு என்விடிஏன்னு ஒண்ணு இருக்கு, காசே கிடையாது. 2006ல ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கர்ரன்னு ஒரு பார்வையற்ற இளைஞர் எழுத ஆரம்பிச்சது. அப்புறம் ஜேம்ஸ் டேன்னு இன்னொரு பார்வையற்ற நண்பரும் சேர்ந்தார். இதையெல்லாம் பொதுவா திரைவாசிப்பான்னு சொல்றாங்க. திரையில இருக்கறதை வாய்விட்டுப் படிக்கும். விரலை வலப்பக்கம் ஒருதடவை தள்ளினா அடுத்த விஷயத்துக்குப் போகும், ரெண்டுதடவை தட்டினா அழுத்தின மாதிரி. அந்த அக்கா வெச்சிருந்த வேகத்துக்கு அது பேசினது எனக்கு ஒரு வார்த்தை பிடிபடலை. ஏலம் விடற மாதிரி ஓடுது. எனக்காக வேகத்தைக் குறைச்சாங்க.

குறைச்ச பிறகு நான் கேட்டது இதுதான். "இமேஜ்." அடுத்தது, "எடிட் பாக்ஸ்." அடுத்தது, "எடிட் பாக்ஸ்." மறுபடியும், "எடிட் பாக்ஸ்." அப்புறம், "அன்லேபல்ட், பட்டன்."

அவ்வளவுதான். எது பேரு போடற கட்டம், எது ஐசி நம்பர், எது போன் நம்பர், ஒண்ணும் சொல்லலை. எனக்குக் கண்ணுல தெரியுது, கட்டத்துக்கு மேல 'பெயர்'னு எழுதியிருக்கு. ஆனா அந்தக் குரலுக்குத் தெரியலை. அது ஏன்னு பிறகுதான் புரிஞ்சுக்கிட்டேன், கீழ சொல்றேன்.

அக்கா குத்துமதிப்பா முதல் கட்டத்துல பேரை அடிச்சாங்க. அடுத்தது பிறந்த தேதி. தட்டினதும் ஒரு நாட்காட்டி திறந்துச்சு, இந்த மாசத்தைக் காட்டிக்கிட்டு. அவங்களுக்கு வயசு 58. வருஷத்தை மாத்த மேல ஒரு சின்ன அம்பு இருக்கு, அதுக்கும் பேரு வைக்கலை, அதனால அப்படி ஒண்ணு இருக்கறதே அவங்களுக்குத் தெரியாது. மாசம் மாசமா பின்னாடி போனா 696 தடவை அழுத்தணும். நான் அங்கேயே கணக்குப் போட்டேன்.

அதுக்குக் கீழ குடும்பத்தாருக்கு ஒரு அட்டவணை. பேரு, உறவு, ராசி, நட்சத்திரம், அஞ்சு வரிசை. மொத்தம் இருபது கட்டம். இருபதும் "எடிட் பாக்ஸ்"தான். நாம மேல பார்த்து இது நட்சத்திரம், இடப்பக்கம் பார்த்து இது ரெண்டாவது ஆளுன்னு கண்டுபிடிக்கறோம். அவங்களுக்கு மேலயும் இல்ல, இடமும் இல்ல. இருட்டுல இருபது கதவு, எல்லாம் ஒரே மாதிரி.

எப்படியோ கடைசி வரைக்கும் போயி அனுப்பற பட்டனை அழுத்தினாங்க. ஒரு சத்தமும் இல்லை. மறுபடி அழுத்தினாங்க. இல்லை. எனக்குத் தெரியுது, பக்கத்து உச்சியில சிவப்பு எழுத்துல 'விடுபட்டவற்றை நிரப்பவும்'னு வந்திருக்கு. விடுபட்ட கட்டத்தைச் சுத்தி சிவப்புக் கோடு. அவங்களுக்குச் சிவப்பு எப்படிக் கேட்கும்? நாலஞ்சு தடவை அழுத்திப் பார்த்துட்டு, "உங்க ஆலயத்துல நெட் சரியில்லையா?"ன்னு என்னையே கேட்டாங்க. அதுக்குள்ள பதினஞ்சு நிமிஷம் ஆயிடுச்சுன்னு பக்கமே தானா அழிஞ்சு முதல்லேர்ந்து ஆரம்பிச்சுது. பாதுகாப்புக்காகன்னு நாங்களே கேட்டு வாங்கின வசதி அது.

அதையும் தாண்டி உள்ள போயிருந்தாங்கன்னு வெச்சுக்குங்க. பணம் கட்ட கியூஆர் படம். வங்கிக் கணக்கு நம்பரும் அந்தப் படத்துக்குள்ளயேதான் எழுதியிருக்கு. படத்துக்குள்ள இருக்கற எழுத்துக்கு அந்தக் குரல் "இமேஜ்"னு ஒரே வார்த்தைதான் சொல்லுது.

நான் எஸ்பிஎம்மோட நின்னவன். கணினி நிரல் எனக்கு வராது. ஆனா தொழிற்சாலையில முப்பது வருஷம் மெஷினோட இருந்தவன். எங்க லைன்ல பேனல்ல ஒரு பட்டனுக்கு லேபல் பிஞ்சு போனாகூட, புதுசு ஒட்டற வரைக்கும் அந்த மெஷினை ஓட்ட விடமாட்டேன். "எனக்குத் தெரியும் அண்ணே, மூணாவதுதான் ஸ்டாப்"னு பையன் சொல்வான். உனக்குத் தெரியும், நைட் ஷிப்டுக்கு வர்றவனுக்குத் தெரியுமா? மெஷின்ல கோளாறுன்னா மேல சிவப்பு விளக்கும் எரியணும், மணியும் அடிக்கணும். விளக்கு மட்டும் போதாது, ஏன்னா எல்லாரும் எந்நேரமும் விளக்கையே பார்த்துக்கிட்டு நிக்கமாட்டாங்க. இதையெல்லாம் சம்பளத்துக்குச் செய்யத் தெரிஞ்ச நான், சாமி காரியத்துல லேபல் இல்லாத இருபது கட்டத்தை ஒரு பொம்பளை கையில கொடுத்து நிரப்பச் சொல்லியிருக்கேன். அதுதான் எனக்குத் தாங்கலை.

சரி, கோளாறு எங்கன்னு பார்ப்போம். நம்ம ஆலயத்து இளைஞர் ஒருத்தர் கணினித் துறையில படிக்கறார். அவரைப் பிடிச்சு உட்கார வெச்சேன். அவர் சொன்னது எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன்.

'பெயர்'ங்கிற எழுத்தும் அதுக்குக் கீழ இருக்கற கட்டமும் நம்ம கண்ணுக்குத்தான் ஜோடி. கணினிக்கு ரெண்டும் வேற வேற. பக்கத்துல பக்கத்துல நின்னா மட்டும் புருஷன் பொண்டாட்டி ஆயிடுமா? பதிவு பண்ணணும்ல. அந்த மாதிரி, இந்த எழுத்து இந்தக் கட்டத்துக்கு உரியதுன்னு நிரல்ல ஒரு முடிச்சு போடணும். லேபல்னுதான் அதுக்கும் பேரு, எங்க தொழிற்சாலை லேபல் மாதிரியே. அந்த முடிச்சு இருந்தா குரல், "பெயர், எடிட் பாக்ஸ், கட்டாயம்"னு சொல்லும். இல்லைன்னா வெறும் "எடிட் பாக்ஸ்". நிரல்ல ஒரு வரி வேலை. சில பாரத்துல கட்டத்துக்குள்ளயே மங்கலா 'உங்கள் பெயர்'னு எழுதி வெப்பாங்க, நாம அடிக்க ஆரம்பிச்சதும் மறைஞ்சிடும். அது லேபல் ஆகாதாம். எனக்கே பாதியில மறந்து போகுது, இது என்ன கட்டம்னு.

அட்டவணையைத் தூக்கிட்டு, ஆளுக்கு ஒரு பகுதியா பிரிக்கணும். 'இரண்டாவது குடும்பத்தார்'னு ஒரு தலைப்பு, அதுக்குள்ள அவரோட நாலு கட்டம். தலைப்பையும் கட்டங்களையும் ஒரே கூட்டமா கட்டிட்டா, குரல் முதல்ல தலைப்பைச் சொல்லிட்டு அப்புறம் கட்டத்தைச் சொல்லும். யாரோட நட்சத்திரம்ங்கிற குழப்பம் வராது. பெரிய பாரங்கள்ல எல்லாரும் தடுக்கி விழறது இங்கதான்னு அந்த இளைஞர் சொன்னார். ஒரு கட்டம், ரெண்டு கட்டம்னா எப்படியோ சமாளிச்சிடலாம். ஒரு பதிலைப் பொறுத்து புதுசா நாலு கட்டம் முளைக்கிறது, பக்கம் பக்கமா போறது, வரிசை வரிசையா ஆள் சேர்க்கறது, இதெல்லாம் வந்தா எங்க என்ன மாறிச்சுன்னு வாய்விட்டுச் சொல்லியாகணும். நம்ம பாரத்துல 'குடும்பத்தாரைச் சேர்க்க'ன்னு ஒரு பட்டன் இருந்துச்சு. அழுத்தினா கீழ புது வரிசை வரும். வந்துச்சுன்னு அக்காவுக்கு யார் சொல்றது?

தேதிக்கு நாட்காட்டி வேணாம். நாள், மாதம், வருஷம்னு மூணு கட்டம், அடிச்சா போதும். பிறந்த தேதி யாருக்கும் மறக்காது, அதைத் தேட நாட்காட்டி எதுக்கு? தப்பு வந்தா என்ன தப்புன்னு வார்த்தையில எழுதணும், அந்தத் தப்பு இருக்கற கட்டத்துக்கே ஆளைக் கொண்டுபோய் விடணும். அடிச்சது எதுவும் அழியக்கூடாது. நேரக்கெடு வேணாம், இல்லைன்னா முடியறதுக்கு முந்தி கேட்கணும், "இன்னும் நேரம் வேணுமா?"ன்னு.

தமிழ் விஷயம் ஒண்ணு இருக்கு, அது பலருக்குத் தோணாது. பக்கத்தோட மொழி தமிழ்னு நிரல்ல குறிச்சு வெச்சா, போன்ல தமிழ்க் குரல் போட்டு வெச்சிருக்கறவங்களுக்கு அது தமிழாவே படிக்கும். நம்ம பாரத்துல தலைப்பெல்லாம் தமிழ், ஆனா மொழி ஆங்கிலம்னு குறிச்சிருக்கு. ராசி நட்சத்திரமோ ஆங்கில எழுத்துல. ஆங்கிலக் குரல் திருவாதிரையைப் படிச்ச அழகை நீங்க கேட்கணும். சிவபெருமானே திரும்பிப் பார்த்திருப்பார், யாரைக் கூப்பிடறாங்கன்னு.

இதுக்கெல்லாம் உலகப் பொது விதிமுறை இருக்கு. இணையத் தரங்களைப் பார்த்துக்கற டபிள்யூ3சி அமைப்பு 1999லேயே முதல் பதிப்பை வெளியிட்டுடுச்சு. கடைசியா வந்த 2.2 பதிப்பு 2023 அக்டோபர்ல வந்தது. அதுல ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடிச்சது: ஒருதடவை கேட்ட விவரத்தை அதே பாரத்துல மறுபடி அடிக்கச் சொல்லாதே. நம்ம பாரம் போன் நம்பரை மூணு இடத்துல கேட்டுச்சு. விதி இருக்கே தவிர, உலகம் அதை மதிக்கறது குறைவு. அமெரிக்காவுல வெப்எய்ம்னு ஒரு அமைப்பு வருஷா வருஷம் பத்து லட்சம் இணையதளங்களோட முகப்புப் பக்கத்தைச் சோதிக்குது. 2024ல நூத்துக்கு ஏறக்குறைய 96 பக்கத்துல ஏதாவது ஒரு குறை. பாதிக்குக் கொஞ்சம் கம்மியான பக்கங்கள்ல கட்டத்துக்கு லேபல் இல்லை. அதனால நம்ம ஆலயம் மட்டும்தான் மோசம்னு நான் சொல்லலை. எல்லாரும் செய்யற தப்பைத்தான் நாமளும் செஞ்சோம்.

இதை ஆலயக் கூட்டத்துல பேசினப்போ மூணு கேள்வி வந்துச்சு. கேட்டவங்க எல்லாரும் நல்லவங்க, பேரு சொல்லமாட்டேன்.

முதல் கேள்வி, "அப்படி எத்தனை பேரு இருக்காங்க? ஒருத்தர், ரெண்டு பேரு?" சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை போட்டப்போவும் இதே கேள்விதான் வந்துச்சு. இப்ப அந்தப் பாதையில யார் யார் ஏறி வர்றாங்கன்னு பாருங்க. முட்டிவலிக்கார ஆயாவும் தள்ளுவண்டிக் குழந்தையும் அதுலதான். இதுவும் அப்படித்தான். தேதியை அடிக்கற வசதி எழுபது வயசு தாத்தாவுக்கும் வேணும். நேரக்கெடு இல்லாதது, ஒரு கையில குழந்தையோட நிரப்பற தாய்க்கும் வேணும். கண்புரை வந்தவங்க, மூக்குக் கண்ணாடியை வீட்டுல மறந்துட்டு வர்ற என்னை மாதிரி ஆளுங்க, எல்லாருக்கும் லாபம்தான். இன்னொண்ணு, வர முடியாதவங்களை நாம எண்ணவே முடியாது. அந்த அக்கா அன்னிக்கு வாய் திறக்கலைன்னா, நம்ம கணக்குல பார்வையற்ற பக்தர் ஒருத்தர்கூட இல்லை.

ரெண்டாவது, "உதவி செய்யத்தான் நாம இருக்கோமே." இருக்கோம். ஆனா ஐசி நம்பர், வேண்டுதல், வங்கியிலேர்ந்து வர்ற ரகசிய எண், எல்லாத்தையும் பக்கத்து வீட்டுப் பையன் கையில கொடுத்துட்டு உட்காரணும்னா, அதுக்குப் பேரு உதவியா? அவங்க மக சிங்கப்பூர்ல வேலை செய்யறாங்க, வாரக் கடைசியிலதான் வருவாங்க. பதிவோ மூணு நாள்ல முடிஞ்சு போச்சு. உதவிக்கு ஆள் இருக்கறது நல்லது. உதவி இல்லாம முடியாதுன்னு நாமளே ஆக்கி வெக்கறது வேற.

மூணாவது, "செலவு." இதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. 2000ல சிட்னி ஒலிம்பிக். புரூஸ் மகுவைர்னு பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருத்தர், தொட்டுப் படிக்கற பிரெய்ல் கருவி வெச்சு இணையம் பார்க்கறவர். ஒலிம்பிக் அமைப்புக் குழுவோட இணையதளம் அவரால பயன்படுத்த முடியலை. 1999லேயே ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையத்துல புகார் கொடுத்தார். அதைச் சரிபண்ண ஏகப்பட்ட செலவும் நாளும் ஆகும்னு குழு வாதாடிச்சு. ஆணையம் ஒத்துக்கலை. 2000 ஆகஸ்டுல அவர் பக்கம் தீர்ப்பு. சொன்னபடி சரிபண்ணாததால கடைசியில 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கொடுக்க வேண்டியதாச்சு. கட்டும்போதே லேபல் வெச்சிருந்தா இதுல எதுவும் வந்திருக்காது.

இந்தியாவுல 2025 ஏப்ரல் 30ல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்துச்சு. பிரக்யா பிரசூன்னு ஒரு பெண், அமில வீச்சுல முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவங்க. வங்கிக் கணக்குத் திறக்கப் போனா, உயிரோட இருக்கற ஆள்தான்னு நிரூபிக்க கேமரா முன்னாடி கண்ணைச் சிமிட்டச் சொல்லுது கணினி. அவங்களால சிமிட்ட முடியாது. அதே மாதிரி அமர் ஜெயின்னு முழுசா பார்வையில்லாத வழக்கறிஞர், கணினிவழி அடையாளச் சரிபார்ப்பை அடுத்தவர் துணையில்லாம முடிக்க முடியலைன்னு இன்னொரு மனு போட்டார். நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு ரெண்டையும் சேர்த்து விசாரிச்சு, கணினிச் சேவையை எட்டறது வாழ்வுரிமையோட ஒரு பகுதின்னு சொல்லி 20 கட்டளை போட்டுச்சு. நம்ம நாட்டுலயும் 2008ஆம் ஆண்டு உடற்குறையுடையோர் சட்டம் இருக்கு, அதாவது அக்தா 685. அதோட 30ஆவது பிரிவு, தகவலும் தொழில்நுட்பமும் அவங்களுக்கும் மத்தவங்களுக்குச் சமமா கிடைக்கணும்னு சொல்லுது. மீறினா தண்டனைன்னு அதுல இல்லை. இருந்தா மட்டும் ஆலயத்து மேல வழக்குப் போடவா போறாங்க அந்த அக்கா? முருகன்கிட்டதான் முறையிடுவாங்க.

நமக்கு ஆஸ்திரேலியாவும் டெல்லியும்கூட வேணாம். அறுபத்துமூவர்ல தண்டியடிகள் நாயனார் இருக்காரே. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். திருவாரூர்ல கோவில் குளம் தூர்ந்து போனதைப் பார்த்து, அதாவது கேள்விப்பட்டு, தானே தோண்டப் புறப்பட்டார். எப்படித் தோண்டினார்? குளத்துக்குள்ள ஒரு தறி நட்டார், கரையில ஒரு தறி நட்டார், நடுவுல கயிறு கட்டினார். கயித்தைத் தடவிக்கிட்டே உள்ள போவார், மண்ணை வெட்டிக் கூடையில எடுத்து, அதே கயித்தைப் பிடிச்சுக்கிட்டு கரைக்கு வருவார். யார் துணையும் கேட்கலை. கேலி பேசினவங்க பிறகு என்ன செஞ்சாங்க தெரியுமா? அந்தத் தறியையும் கயித்தையும் பிடுங்கிப் போட்டாங்க. ஈசன் அவருக்குப் பார்வை கொடுத்ததைத்தான் நாம பிரசங்கத்துல பெரிசா சொல்வோம். எனக்கு இப்ப அந்தக் கயிறுதான் கண்ணுக்குள்ள நிக்குது. நோட்டுப் புத்தகமும் மேசையும் இருந்த வரைக்கும் அந்த அக்காவுக்கு அது ஒரு கயிறு. வாயால பேரைச் சொல்லி, வேண்டுதலை மனசுக்குள்ள வெச்சுக்கிட்டு, பதிஞ்சுட்டுப் போயிடுவாங்க. அதைப் பிடுங்கினது யாரும் இல்ல, கை தூக்கிப் பேசின நான்.

அதனால ரெண்டு விஷயம் நிர்வாகத்துக்கிட்ட கேட்டு வாங்கிட்டேன். வாசல் மேசை அடுத்த உத்திரத்துக்குத் திரும்பி வருது, பதிவு இடத்துல ஒரு பங்கு அங்க ஒதுக்கணும். பாரத்தைப் புதுசா கட்டறோம், அந்த அக்கா கடைசி வரைக்கும் தனியா நிரப்பி "சரி"ன்னு சொன்ன பிறகுதான் திறப்போம். தொழிற்சாலையில கியூசி கையெழுத்துப் போடாம சரக்கு லாரி ஏறாது. இங்க கியூசி அவங்கதான். வேண்டுதல் கட்டம் கட்டாயமில்லைன்னும் மாத்தியாச்சு. அது கட்டாயமா இருந்ததே வெட்கம்.

மத்த ஆலயத்துல தொண்டு செய்யறவங்களும் இதைப் படிப்பீங்க. பெரிசா கட்ட வசதி இல்லைன்னா, இலவசமா கிடைக்கற சாதாரண கூகள் பாரமே போதும். அதுல கட்டத்துக்கெல்லாம் பேரு தானா ஒட்டியிருக்கும். கட்டம் போட்ட அட்டவணையையும் படத்துக்குள்ள எழுதறதையும் மட்டும் தவிர்த்துடுங்க. அழகுக்காக ஆள் வெச்சு வரைஞ்ச எங்க பாரத்தைவிட அது எவ்வளவோ மேல்.

பக்தர்கள் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். புலனக் குழுவுல திருவிழா நிகழ்ச்சி நிரலைப் படமா போட்டுட்டுப் போயிடறோம். பூ, மாலை, கோபுரம் எல்லாம் இருக்கும், தேதியும் நேரமும் அதுக்குள்ளயே. அந்த அக்காவுக்கு அது வெறும் "இமேஜ்". படத்துக்குக் கீழ நாலு வரி தட்டச்சு பண்ணிப் போடுங்க: என்ன பூசை, எந்த நாள், எத்தனை மணி, எந்தக் கணக்கு நம்பர். ஒரு நிமிஷ வேலை. இந்த மாசத்துலேர்ந்து நான் போடறேன்.

போன வாரம் புதுப் பாரத்தை முதல்தடவையா அக்கா சோதிச்சாங்க. பேரு, ஐசி, தேதி எல்லாம் சரசரன்னு போச்சு. வேணும்னே ஒரு கட்டத்தை விட்டுட்டு அனுப்பினாங்க. "போன் எண் விடுபட்டுள்ளது"ன்னு குரல் சொல்லி, அந்தக் கட்டத்துக்கே கூட்டிக்கிட்டுப் போச்சு. அக்கா சிரிச்சாங்க. எனக்கு உள்ளுக்குள்ள பெருமை திரும்ப எட்டிப் பார்த்துச்சு. அப்புறம் நட்சத்திரம். பட்டியல் திறந்துச்சு, அஸ்வினி, பரணி, கார்த்திகைன்னு ஒவ்வொண்ணா தள்ளிக்கிட்டே போறாங்க, போறாங்க, முடியலை.

"உங்க நட்சத்திரம் என்னக்கா?"

"ரேவதி."

இருபத்தேழாவது. கடைசி. குடும்பத்துல நாலு பேருக்குப் போடணும்னா என்ன ஆகறதுன்னு அக்கா கேட்டாங்க. பட்டியலை எடுத்துட்டு அடிக்கற கட்டமா வெச்சிடலாம்னு நான் சொல்றேன். எழுத்துப்பிழை வந்து மறுபடியும் 'சேட்டை' ஆயிடும்னு செயலாளர் சொல்றார். முதல் எழுத்தை அடிச்சா பட்டியல் சுருங்கற மாதிரி செய்யலாம், ஆனா சுருங்கினதையும் குரல் சொல்லணும்னு அந்த இளைஞர் மண்டையைச் சொறிஞ்சுக்கிட்டு இருக்கார். வர்ற ஞாயிறு சாயரட்சை முடிஞ்சு மண்டபத்துல அதைத்தான் பார்க்கப் போறோம். உங்க வீட்டுலயோ தெரிஞ்ச இடத்துலயோ பார்வை இல்லாதவங்க, பார்வை மங்கினவங்க இருந்தா கூட்டிக்கிட்டு வாங்க. போனும் காதுல மாட்டற ஹெட்போனும் மறக்காதீங்க, மண்டபத்துல மணிச் சத்தம் அதிகம். தேநீரும் சுண்டலும் நம்ம பொறுப்பு.